மூன்றாந்தரம் கேட்டால் ஓம்

"...அதுக்கில்லைத் தம்பி, வயிறு முட்டிப்போய்க் கிடக்கு. நீங்கள் சாப்பிடுங்கோ, நான் சும்மா உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்று அண்ணை சொன்னார்.

வாய்தான் அப்படிச் சொன்னது. கண் இரண்டும் தட்டில் கிடந்த கோழிக்குச்சியில் இருந்தன. குச்சியில் கோர்த்துக் கரிநெருப்பில் வாட்டி, இனிப்பும் உப்பும் கலந்த ஏதோ ஒரு கறுப்புத் தண்ணியைப் பூசி, நெய் மினுக்கத்தோடு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மத்தியானம் ஒரு துண்டு பாணோடு இருந்த மனிதர். வயிறு முட்டியதென்றால் அது பசியால் முட்டியதாகத்தான் இருக்கும்.

அந்த யப்பான் கடையில் பரிமாற நின்ற பெட்டை ஒரு கெபெக் மாணவி. மேசையில் இடமில்லாமல் அடுத்த தட்டோடு நின்றாள். மிச்சமிருந்த ஒரு குச்சியைக் காட்டி, "வேணுமா?" என்று அண்ணையைக் கேட்டாள். அண்ணை நெஞ்சில் கை வைத்து, "நோ, நோ, தாங்க் யூ" என்றார். அவள் "ஓகே" என்று சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணை அந்தத் தட்டு சமையல் பக்கம் போய் மறையும்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "நல்ல பிள்ளைதான். ஆனா இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்."

இதுதான் அண்ணை. இந்த ஒரு வசனத்துக்குள் ஆளை மடித்து வைத்துவிடலாம்.

அவருக்குப் பேர் இல்லாமல் இல்லை. மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் நாங்கள் ஒன்றாகப் பெட்டி அடுக்கிய பண்டகசாலையில் அவருடைய சட்டையில் பேர் தைத்துத்தான் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சொன்னதில்லை. மனேச்சர் வெள்ளைக்காரன்கூட "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு அதுதான் பேர் என்று நினைப்பு.

அண்ணை எதையும் முதல் தரம் கேட்டவுடன் வாங்கமாட்டார். தேத்தண்ணி என்றாலும் சரி, தங்கக்கட்டி என்றாலும் சரி. அதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. "முதல் வேண்டாம் வாய்க்கு. ரண்டாம் வேண்டாம் வீட்டுக்காரருக்கு. மூண்டாந்தரம் வாறதுதான் தம்பி வயித்தின்ரை கதை." அதைச் சொல்லும்போது விரலால் வாயையும், எதிரில் இருப்பவரையும், தன் வயிற்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். கேட்டவுடன் ஓம் என்பவனைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. "அவன் குடுக்கிறவனுக்குக் குடுக்கிற சந்தோசத்தைக் குடுக்கேல்லைப் பார்" என்பார்.

எங்கள் வீடுகளில் இது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் சனத்துக்கு வற்புறுத்துவது என்பது சமையலின் கடைசிப் பகுதி. கறி இறக்கி, தாளிச்சு, பிறகு வற்புறுத்த வேண்டும். என் மனைவி அண்ணை வந்தால் மூன்று கேள்வியையும் ஒரேயடியாகக் கேட்டு, பதிலுக்கு நில்லாமல் சோற்றைப் போட்டுவிடுவாள். அண்ணையும் "ஐயோ தங்கச்சி, போதும், போதும்" என்றபடி இரண்டாம் கோப்பைச் சோறும் சாப்பிட்டு எழும்புவார்.

வெளியில்தான் சிக்கல். மொன்றியலில் இல்லை என்றால் இல்லைதான். யாருக்கும் இரண்டாம் தரம் கேட்க நேரமில்லை.

ஒரு தைமாதக் குளிரில் பஸ் தரிப்பில் அண்ணை நின்றிருக்கிறார். மூக்கு மயிரெல்லாம் உறைந்து ஊசி மாதிரி நிற்கிற குளிர். மனேச்சர் காரை நிற்பாட்டிக் கண்ணாடியை இறக்கி, "ஏறுறியா?" என்று கேட்டிருக்கிறான். அண்ணை சிரித்துக்கொண்டு, "நோ, நோ, இட்ஸ் ஓகே." கார் போய்விட்டது. அடுத்தநாள் மூக்கைச் சீறிக்கொண்டு எனக்குச் சொன்னார். "மூண்டாவது கேள்விக்கு ஓம் எண்டு வாயிலை ரெடியா வைச்சுக்கொண்டு நிண்டனான் தம்பி. ஆள் முதலாவதோடை போயிட்டான்."

பல்லுக் கதை இதைவிட மோசம். கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கப் போனவரிடம் பல்வைத்தியர், "விறைப்பூசி போடட்டா?" என்று கேட்டார். நமது ஆள் வழக்கம்போல, "வேண்டாம், வேண்டாம், உங்களுக்கேன் வீண் கரைச்சல்." வைத்தியருக்கு ஆச்சரியம். உறுதியான ஆள் போலும் என்று நினைத்துக் குறட்டைக் கையில் எடுத்துவிட்டார். மறுநாள் அண்ணை பலாக்கொட்டை அடக்கின மாதிரி ஒரு கன்னத்தோடு வேலைக்கு வந்தார். கதைக்கவே ஏலாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட ஏலாது. "கெட்டிக்கார டொக்டர். கை நல்லம். வளர்ப்புத்தான் காணாது."

இப்படிப்பட்டவரை நாங்கள் இசக்காயாவுக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான் வேடிக்கை. இசக்காயா என்பது யப்பான்காரரின் தவறணை மாதிரி. ஆனால் குடியைவிடச் சாப்பாடு கூட. டவுன்டவுனில் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில், படியிறங்கிப் போகிற ஒரு சின்னக் கடை. கண்டுபிடித்தவன் ரமேஷ். எங்கள் பண்டகசாலைக் கந்தோரில் கொம்பியூட்டர் பார்த்த சென்னைப் பெடியன். "அங்க ஒரு ஆளுக்கு ஒரு ப்ளேட்னு கெடையாது பாஸ். சின்னச் சின்னதா வரும், நடுவுல வச்சுட்டு எல்லாரும் கை வைக்கணும்" என்றான். எச்சில் பார்க்கிற எங்களுக்கு அது முதலில் கொஞ்சம் இடித்தது. பிறகு சாப்பிடுகிற குச்சியின் மற்றப் பக்கத்தால் எடுக்கலாம் என்று ரமேஷ் காட்டித் தந்தான். பிரச்சினை தீர்ந்தது.

எந்தக் கிழமை போவது என்பது அடுத்த கேள்வி. வெள்ளிக்கிழமை அண்ணைக்கு மரக்கறி. தவக்காலத்து வெள்ளியில் எங்களோடு வருகிற பிலோமினா அக்காவும் இறைச்சி தொடமாட்டார். ரமேஷுக்குச் சனிக்கிழமை பெருமாள். ஆகவே வியாழக்கிழமை. மூன்று பேரின் கடவுள்மாரும் ஓய்வாக இருக்கிற நாள் அதுதான்.

முதல்நாள் கதவைத் திறந்தவுடன் உள்ளே நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் யப்பான் பாசையில் கத்தினார்கள். அது வரவேற்பாம். அண்ணை சட்டென்று பின்வாங்கி, "மூடிப்போட்டம் எண்டு சொல்லுறாங்கள் போலை. வாங்கோ, பேந்து வருவம்" என்று படியேறத் தொடங்கிவிட்டார். பிலோமினா அக்கா அவருடைய கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

பிலோமினா அக்காவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். மன்னார்க்காரி. எங்களோடு லேபல் ஒட்டுகிற பகுதியில் வேலை. நாற்பதுக்குக் கிட்ட. யுத்தம், அகதி வழக்கு, தம்பிமாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தான் மட்டும் தனியாக நின்ற ஆள். அண்ணையின் கதையும் ஏறக்குறைய அதுதான். கலியாணம் பேசி வந்தபோதெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, மூன்றாந்தரம் யாரும் வராமல் விட்டிருக்கலாம்.

பிலோமினா அக்கா எதையும் ஒரு தரம்தான் கேட்பார். "ஒருக்காக் கேட்டா அது மரியாதை. ரண்டுதரம் கேட்டா அது கெஞ்சல்." இது அவருடைய சட்டம். மேசையில் வாட்டின மீனில் நல்ல பகுதியை எடுத்து, "வேணுமோ?" என்று அண்ணையைக் கேட்பார். அண்ணை, "வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ." அக்கா மறுபேச்சில்லாமல் அதை வாயில் போட்டு, அவருடைய முகத்தைப் பார்த்தபடியே ஆறுதலாக மெல்லுவார். அண்ணை தண்ணி குடிப்பார்.

ஆனால் கவனியுங்கோ, அந்த மீனை ஒவ்வொரு வியாழனும் சொல்லி எடுப்பதும் அக்காதான். அக்காவுக்கு மீனே பெரிய விருப்பமில்லை.

இன்னொன்றை ரமேஷ்தான் கண்டுபிடித்தான். "பாஸ், கவனிச்சீங்களா? மேனேஜர் வரைக்கும் எல்லாரும் அவர அண்ணேன்னு கூப்பிடுறோம். இவங்க மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்ல."

உண்மை. அக்கா அவரை "இஞ்சருங்கோ" என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க ஊர்ல 'ஏங்க'ன்னா அதுக்கு வேற அர்த்தம் பாஸ்."

"எங்கடை ஊரிலையும் அதுதான்ரா" என்றேன்.

அண்ணைக்கும் அக்கா மேல் விருப்பம் என்பதை அறிய ஒரு சுலபமான வழி இருந்தது. அவருக்கு எது கூடுதலாக விருப்பமோ அதைக் கூடுதலான சத்தத்தில் வேண்டாம் என்பார். கோழிக்குச்சிக்கு ஒரு வேண்டாம். அக்கா நீட்டுகிற எதற்கும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நாலைந்து வேண்டாம். குளிர்காற்று அடிக்காத கதிரையை அக்காவுக்குப் பிடித்து வைத்துவிட்டு, அவர் "தாங்க்ஸ்" என்றால் அதற்கும் "வேண்டாம், வேண்டாம்" என்பார்.

அந்தக் கடையில் அண்ணையை முதலில் விளங்கிக்கொண்டவர் கடைக்காரர். தலையில் துண்டு கட்டின வயதான யப்பான் மனிதர். இங்கிலீசும் கொஞ்சம், பிரெஞ்சும் கொஞ்சம், இரண்டும் சேர்ந்து ஒரு முழு வசனம் வராது. நாங்கள் ஒழுங்காக வருகிறவர்கள் என்று ஒருநாள் வாட்டின கணவாய் ஒரு தட்டைத் தன் கணக்கில் கொண்டுவந்து இரண்டு கையாலும் அண்ணையிடம் நீட்டினார். அண்ணை எழும்பி நின்று, "நோ, நோ" என்று குனிந்தார். கடைக்காரர் முகம் மலர்ந்து, தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, இன்னும் தாழக் குனிந்து, மறுபடி நீட்டினார். அண்ணையின் கண் விரிந்தது. இவ்வளவு காலம் கனடாவில் இருந்து, எங்கள் சனத்துக்கு வெளியே முதல் தரமாக ஒருவர் அவரிடம் இரண்டாந்தரம் கேட்கிறார். அவர் இன்னும் தாழக் குனிந்து, "நோ, நோ, நோ" என்றார். கடைக்காரர் மூன்றாந்தரம் நீட்டினார். அண்ணை வாங்கினார்.

அத்தோடு முடிந்ததா? வாங்கினவர் சும்மா இருப்பாரா? சாக்கே என்று அரிசியில் காய்ச்சின ஒரு குடிவகை, சூடாக ஒரு சின்னச் சாடியில் வரும். அதை ஒரு குவளையில் ஊற்றிக் கடைக்காரரிடம் நீட்டினார். கடைக்காரர் வேலைநேரம் என்று கையை ஆட்டினார். அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பாத்தியளோ, பாத்தியளோ, வளர்ப்பெண்டா இதுதான்" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு மறுபடி நீட்டினார். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிய, பின்னால் போகவேண்டிய தட்டுகளோடு பரிமாறுகிற பெட்டை நிற்க, பிலோமினா அக்கா எனக்குக் காதுக்குள், "இதுகள் ரண்டும் கலியாணம் கட்டலாம்" என்றார்.

கணவாய் ஆறிச் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ரமேஷ் இழுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். அண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைசித் துண்டுவரை சப்பினார்.

அதற்குப் பிறகு கடைக்காரர் அந்தப் பெட்டைக்கு ஏதோ சொல்லியிருக்கவேண்டும். அடுத்த வியாழன் அவள் அண்ணையிடம் வந்து, "யூ வான்ட், யூ வான்ட், யூ வான்ட்?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். அண்ணை ராசா மாதிரித் தலையசைத்தார்.

இனிமேல்தான் விசயம்.

மொன்றியலுக்கு அடுத்த நகரமான லவாலுக்கு மெட்ரோ போகத் தொடங்கின வருசம். மத்தியானச் சாப்பாட்டு நேரம், மைக்ரோவேவுக்கு முன்னால் நான் நிற்க, பிலோமினா அக்கா பக்கத்தில் வந்து நின்று, சுவருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"தம்பி, வாற வியாழன் நான் அந்த ஆளிட்டைக் கேக்கப்போறன்."

"என்னத்தை அக்கா?"

"லவாலிலை வீடெடுத்திட்டன். ரண்டு அறை. தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு. கட்டுறியளோ எண்டு கேக்கப்போறன்."

எனக்குச் சந்தோசத்தில் சாப்பாட்டுப் பெட்டி கை நழுவிற்று. "கோயில், சேர்ச் எண்டு ஏதும் பிரச்சினை வராதே?"

"வெள்ளி அவருக்கு, ஞாயிறு எனக்கு. மிச்சம் அஞ்சு நாள் கிடக்குத்தானே."

"அக்கா, அந்தாள் முதல்தரம் வேண்டாம் எண்டுதானே சொல்லும்."

"தெரியும்."

"அப்ப ரண்டு மூண்டு தரம்..."

"ஒருக்காத்தான் கேப்பன். சோத்துக்கு வேண்டாம் எண்டு சொல்லட்டும், மீனுக்குச் சொல்லட்டும். என்னைப் பாத்து வேண்டாம் எண்டா நான் எழும்பிப் போயிடுவன். நான் சட்டியிலை கிடக்கிற கறியில்லைத் தம்பி, திருப்பித் திருப்பி அகப்பையிலை அள்ளி நீட்ட. அந்தாளிட்டை ஒண்டும் சொல்லமாட்டன் எண்டு மடுமாதாவிலை சத்தியம் பண்ணு."

நான் சைவக்காரன். ஆனால் மடுமாதா என்றால் எனக்கும் பயம். சத்தியம் பண்ணினேன். அண்ணையிடம் சொல்வதில்லை என்றுதான் சத்தியம், ரமேஷிடம் சொல்வதில்லை என்று இல்லையே. அன்று பின்னேரமே அவனிடம் சொன்னேன்.

"அப்ப ஒண்ணுதான் வழி" என்றான் ரமேஷ். "ட்ரெயினிங்."

அந்த வியாழன் அக்கா லவாலில் வீட்டுப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வருவதாக இருந்தது. நாங்கள் அண்ணையைக் கூட்டிக்கொண்டு முன்கூட்டியே போய்விட்டோம். பரிமாறுகிற பெட்டையிடம் ரமேஷ், இன்றைக்கு ஒரு தரம்தான் கேட்கவேண்டும், இல்லை என்றால் எங்கள் பக்கம் வைத்துவிடு என்று சொல்லிவைத்தான். அவள் கண்ணடித்தாள்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு வெளையாட்டு" என்றான். "ஒரு தடவதான் கேப்போம். வேணும்னா உடனே ஓம்னு சொல்லணும். வேண்டாம்னா எங்களுக்கு."

"இதென்ன பிச்சைக்காரர் விளையாட்டு" என்றார் அண்ணை.

உப்புப் போட்டு அவித்த சோயா அவரைக்காய் வந்தது. "வேணுமா?" "சீச்சீ, நீங்கள் சாப்பிடுங்கோ." நாங்கள் சாப்பிட்டோம். பொரித்த கோழி வந்தது. "வேணுமா?" வாய் திறந்தது, மூடியது, பிறகு பழக்கம் வென்றது. "வேண்டாம்." நாங்கள் சாப்பிட்டோம். கோழிக்குச்சி வந்தபோது அண்ணையின் நெற்றியில் வியர்வை. அதுவும் போனது. எனக்கு அழுகை வருமாப்போல் இருந்தது, ஆனால் கோழி நல்ல ருசி.

சுருட்டி வெட்டின முட்டைப்பொரியல் வந்தபோது அண்ணை மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வேணுமா அண்ணே?"

"ஓம்."

சொல்லிவிட்டு யாராவது கேட்டுவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. முட்டையை வாயில் போட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம். "எவ்வளவு சுகமாக் கிடக்கு" என்றார்.

பிறகு பிடித்துக்கொண்டது. காளான், ஓம். மீன், ஓம். சோறு உருண்டை, கேட்டு முடிக்க முதலே ஓம். "இவ்வளவு காலமும் இந்தச் சனம் எல்லாம் இப்பிடித்தான் லேசா வாழ்ந்திருக்குதுகள்" என்று பக்கத்து மேசையைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். ரமேஷுக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது. மீன் தட்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு விழுது உருட்டி வைத்திருந்தார்கள். குண்டூசித் தலையளவு தொட்டாலே மூக்கால் புகை வருகிற சாமான். "அண்ணே, இது வேணுமா?" என்றான் விளையாட்டாக. அண்ணை கொத்தமல்லிச் சம்பல் என்று நினைத்திருக்கவேண்டும். "ஓம்" என்றார், முழுவதையும் எடுத்து வாயில் போட்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காது சிவந்தது. பிறகு கண்ணாலும் மூக்காலும் தண்ணி கொட்டியது. யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாயில் வளர்ந்த மனிதர், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் இனி ஒருநாளும் ஓம் எண்டு சொல்லமாட்டன்" என்றார்.

அந்த நேரம் கடையாட்கள் எல்லாரும் வாசலைப் பார்த்துக் கத்தினார்கள். பிலோமினா அக்கா வந்துவிட்டார்.

நான் எழும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கேட்கிற நிலையில் இல்லை. மெட்ரோவில் வரும் வழியெல்லாம் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்த முகம். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அண்ணைக்கு முன்னால் இருந்து, ஒரு திறப்பை எடுத்து மேசையில் தட்டுகளுக்கு நடுவில் வைத்தார்.

"இஞ்சருங்கோ. வீட்டுக்கு ரண்டு திறப்புத் தந்தவங்கள். இது மற்றது. என்னைக் கட்டி, லவாலிலை என்னோடை வந்து இருக்கிறியளோ?"

அண்ணை கண்ணீரோடு அவரைப் பார்த்தார். ஆளுக்கு விளங்கிவிட்டது. நன்றாகவே விளங்கிவிட்டது. அவ்வளவு விருப்பமான ஒன்றை அவரிடம் அதுவரை யாரும் நீட்டியதில்லை.

"வேண்டாம்" என்றார். "வேண்டாம், வேண்டாம். உங்களுக்கேன் கரைச்சல்."

ரமேஷ் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணை தன் வாயைத் தானே கையால் பொத்தினார், ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

அக்கா திறப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து, எழும்பினார். "சரி" என்றார். கோபமில்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது. நான் மேசைக்குக் கீழே அண்ணையின் காலில் உதைத்தேன். அது ரமேஷின் கால்.

"பிலோமினா, இருங்கோ" என்றார் அண்ணை.

அக்கா திரும்பவில்லை, ஆனால் நின்றார். "நான் ரண்டாந்தரம் கேக்கமாட்டன்."

"நீங்கள் கேக்க வேண்டாம். நான் கேக்கிறன்." எழும்பி நின்றார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "லவாலிலை உங்களுக்குத் துணையா ஒரு ஆள் வேணுமோ? உங்களைக் கட்டி, உங்களோடை இருக்க நான் வரட்டோ?"

கடைக்காரர் கரிநெருப்புக்கு விசிறுவதை நிற்பாட்டினார். அக்கா ஆறுதலாகத் திரும்பினார். கைப்பையைக் கீழே வைத்தார். கோட்டின் ஒரு கையைக் கழற்றினார், மற்றக் கையைக் கழற்றினார், கதிரையின் முதுகில் அதை ஒழுங்காக மடித்துப் போட்டார். இருந்தார். பாவாடையைச் சரிசெய்தார்.

"வேண்டாம்" என்றார். "எனக்கென்ன குறை."

அண்ணை சூடான துவாயால் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு, கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டு இருந்து, இரண்டாந்தரம் கேட்கத் தொடங்கினார்.